தோலொட்டு மின்னணுவியல்

தோலின்மேல் ஒட்டிக்கொண்டு, அதனோடு சேர்ந்து நீண்டும் மடங்கியும் இதயத் துடிப்பு, உடல் வெப்பம், தசையசைவு முதலியவற்றை அளக்கும் மெல்லிய மின்சுற்றுகளைப் பற்றிய துறை. சில்லுகளின் மூலப்பொருளான சிலிக்கனை ஒரு விழுக்காடு அளவுக்கு இழுத்தாலே உடைந்துவிடும். மனிதத் தோலோ ஏறத்தாழ 30 விழுக்காடு நீளும்.

இதற்கான விடை ஒரு சுருக்கத்திலிருந்து பிறந்தது. 1998இல் ஹார்வர்டில் ஜார்ஜ் வைட்சைட்ஸ் குழுவினர், சூடாக்கிய சிலிக்கோன் ரப்பர்மேல் தங்கப் படலம் படியவைத்து ஆறவிட்டபோது, படலம் ஒழுங்கான அலைகளாகச் சுருங்கியது. 2003இல் பிரின்ஸ்டனில் சிகுர்ட் வாக்னரும் ஸ்டெஃபனி லாகூரும் ரப்பர்மேல் படிந்த தங்கப் பட்டைகள் இழுத்தபோதும் மின்சாரம் கடத்துவதைக் காட்டினர். அதே வைட்சைட்ஸ் ஆய்வுக்கூடத்தில் முன்பு பணியாற்றிய ஜான் ரோஜர்ஸ், இலினாய் பல்கலைக்கழகத்தில் 2006இல் இந்த உத்தியைச் சிலிக்கனுக்கே கொண்டுவந்தார். ரப்பரை முதலில் இழுத்துப் பிடித்து, மிக மெல்லிய சிலிக்கன் இழைகளை அதில் ஒட்டி, பிடியைத் தளர்த்தினால் இழைகள் அலையலையாக எழும். மறுபடி இழுக்கும்போது அலைதான் விரிகிறது, சிலிக்கன் நீளுவதேயில்லை. கடினமான பொருளை வடிவத்தால் இளக்கிய இந்தச் சிந்தனையே இத்துறையின் உயிர்நாடி.

2011இல் ரோஜர்ஸ் குழு பாம்புபோல் வளைந்த கம்பிகளுடன் தோலொட்டுச் சுற்றை வெளியிட்டது. நீரில் கரையும் தாளில் வரும் சுற்றைத் தோலில் வைத்து நனைத்தால் தாள் கரைந்துபோகும். சுற்று பசையின்றியே ஒட்டிக்கொள்ளும். தொண்டையில் ஒட்டிய சுற்று, பேசிய சொற்களைப் பிரித்தறிந்து கணினி விளையாட்டொன்றை இயக்கியது.

ஸ்டான்ஃபோர்டில் ஜெனான் பாவ் தானே நீளும் பாலிமர்களை உருவாக்கினார்; எனினும் வேகத்தில் சிலிக்கனுக்கு அவை ஈடாகவில்லை. டோக்கியோவில் தகாவோ சொமேயா 2017இல் வியர்வை வெளியேற இடம்தரும் தங்க நுண்வலையை அமைத்தார்.

இத்துறையின் தலைசிறந்த பயன் பச்சிளங் குழந்தைகளுக்கே கிடைத்தது. குறைமாதக் குழந்தையின் தோலில் ஒட்டிய பிளாஸ்திரியை உரித்தால் தோலும் கிழிந்து வரும். உடலைச் சுற்றிய வயர்களால் தாய் அள்ளி அணைக்கவும் முடியாது. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்துக்கு மாறியிருந்த ரோஜர்ஸ் குழு, மார்பில் ஒன்றும் பாதத்தில் ஒன்றுமாக இரண்டே மென்பட்டைகளை 2019இல் வெளியிட்டது. வயரும் இல்லை, பேட்டரியும் இல்லை. மெத்தைக்கு அடியிலுள்ள ஆன்டெனாவிலிருந்தே அவற்றுக்கு மின்சாரம் கிடைத்தது.

வியர்வை, புற ஊதாக்கதிர் அளக்கும் பட்டைகள் விற்பனைக்கும் வந்தன.