கேலன் ஆறு சென்ட்!

மண் ரோட்டில் ஒரு லாரி போகிறது. பின்னால் புழுதி மேகம். நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு, டிரைவரை நாலு வார்த்தை திட்டிவிட்டு நகர்ந்துவிடுவோம். அதே காட்சியை ரோடு போடுகிற என்ஜினீயர் பார்த்தால் அவருக்கு வேறு கவலை. அவர் கண்ணுக்குத் தெரிவது புழுதி அல்ல... ரோடே எழுந்து பறந்து போய்க்கொண்டிருக்கிறது!

நிஜம்தான். மண் சாலையில் சரளைக் கற்களை அசையாமல் பிடித்து வைத்திருப்பது, அவற்றின் இடுக்குகளில் புகுந்து உட்கார்ந்திருக்கும் மாவு போன்ற பொடி மண். அது காற்றோடு போய்விட்டால் கற்கள் தளர்ந்துவிடும். அடுத்த மழைக்குப் பள்ளம். அதற்கடுத்த மழைக்குக் குளம்!

பொடி பறக்காமல் இருக்க ஏதாவது ஒரு திரவத்தை ஊற்றி மண்ணை ஒட்டவைப்பது ரொம்பப் பழைய யோசனை. வாசலில் சாணம் கரைத்துத் தெளித்த நம் பாட்டிமார்கள் செய்ததும் இதைத்தானே? காய்ந்ததும் மண்மேல் மெல்லிய தோல் மாதிரி ஒன்று படிந்துவிடும். பெருக்கினாலும் புழுதி கிளம்பாது. வாசலுக்குச் சாணம் போதும். மைல்கணக்கில் நீளும் சாலைக்கு? மலிவாக வேண்டும், நிறைய வேண்டும். அப்படி எது கிடைக்கும்? யாரோ ஒருவர் வேண்டாம் என்று ஒதுக்கிய கழிவுதான் கிடைக்கும்!

மோட்டார் கார் வந்த புதிதில் ஐரோப்பாவின் பெரிய தலைவலி புழுதிதான். அதுவரை சாலையில் ஓடியவை குதிரை வண்டிகள். இரும்புப் பட்டை போட்ட சக்கரம் கல்லை நசுக்கிப் பொடியாக்கும். பொடி மறுபடி இடுக்கில் இறங்கிவிடும். காரின் ரப்பர் டயரோ, வேகமாக உருளும்போது அந்தப் பொடியை உறிஞ்சி வெளியே எறிந்தது. பணக்காரர்கள் ஓய்வெடுக்க வருகிற மொனாக்கோவில் புழுதி என்றால் விடுவார்களா? மன்னர் முதலாம் ஆல்பர்ட், எர்னஸ்ட் குக்லியெல்மினெட்டி என்பவரிடம் யோசனை கேட்டார். அவர் என்ஜினீயர் அல்ல, சுவிட்சர்லாந்து டாக்டர்! டச்சுக்காரர்கள் ஆண்ட கிழக்கிந்தியத் தீவுகளில் வேலை பார்த்தபோது, ஆஸ்பத்திரித் தரைகளில் தார் பூசுவதைப் பார்த்திருந்தார். 1902-ம் வருடம் மார்ச் மாதம், மொனாக்கோ சாலையில் சுடச்சுடத் தாரை ஊற்றித் தேய்த்தார்கள். புழுதி அடங்கியது. மனிதருக்கு ‘டாக்டர் தார்’ என்றே பட்டப்பெயர் நிலைத்துவிட்டது.

நிலக்கரியிலிருந்து விளக்குக்கு கேஸ் எடுக்கும் ஆலைகளில் மிஞ்சிய கழிவுதான் அந்தத் தார். அமெரிக்காவில் கலிஃபோர்னியாக்காரர்கள் அதற்கு முன்பே, 1898-ல், மண் சாலைகளில் கச்சா எண்ணெயை ஊற்றிப் பார்த்திருந்தார்கள். பிறகு ஊருக்கு ஊர் கார்கள் பெருகின. காரிலிருந்து வடித்தெடுத்த பழைய என்ஜின் ஆயில் மலை மலையாகச் சேர்ந்தது. அதை வாங்கி மண் ரோட்டில் தெளிப்பது தனித் தொழிலாகவே ஆகிவிட்டது. ஆயில் மண்ணோடு பிசைந்துகொள்ளும். தண்ணீர் மாதிரி ஆவியாகிவிடாது. ஒரு தடவை தெளித்தால் கொஞ்ச நாளைக்கு நிம்மதி. இதில் என்ன தப்பு என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

மிசௌரி மாநிலத்தில் இந்தத் தொழிலைச் செய்தவர்களில் ஒருவர் ரஸ்ஸல் பிளிஸ். (‘பிளிஸ்’ என்றால் பேரானந்தம் என்று அர்த்தம். பெயர்ப் பொருத்தத்தைப் போகப் போகப் பாருங்கள்!) ஒரு பக்கம் கழிவு எண்ணெயை அள்ளிக்கொண்டு போவதற்குக் காசு, இன்னொரு பக்கம் அதைத் தெளிப்பதற்குக் காசு. இரண்டு பக்கமும் வருமானம்!

அதே மாநிலத்தில் வெரோனா என்று ஒரு சிற்றூர். அங்கே நெப்பாக்கோ என்கிற கம்பெனி ஹெக்ஸாகுளோரோஃபீன் தயாரித்துக்கொண்டிருந்தது. அந்நாளில் சோப்பிலும் ஆஸ்பத்திரிகளில் கை கழுவும் திரவத்திலும் கலந்துவந்த கிருமிநாசினி. ஆனால், அதைத் தயாரிக்கும்போது பாத்திரத்தின் அடியில் கொழகொழவென்று ஒரு கசடு தங்கும். அந்தக் கசடில் இருந்தது டயாக்ஸின். மனிதன் அறிந்த மிக மோசமான நச்சுகளில் ஒன்று. வியட்நாம் காடுகளை அழிக்க அமெரிக்கா தெளித்த ‘ஏஜென்ட் ஆரஞ்ச்’சில் கலந்திருந்ததும் இதே நச்சுதான். வெரோனாவின் அதே ஆலை வளாகத்தில் அதற்கு முன் தயாரானதும் ஏஜென்ட் ஆரஞ்ச்தான்!

கசடை என்ன செய்வது? முதலில் லூசியானாவுக்கு அனுப்பி எரித்தார்கள். செலவு கட்டுப்படியாகவில்லை. இன்னொரு கம்பெனியிடம் பொறுப்பை ஒப்படைத்தார்கள், லோடுக்கு 3,000 டாலர் என்று. அந்தக் கம்பெனிக்குக் கழிவை அழிக்கும் தொழிலில் அனுபவம் கிடையாது. அது பிளிஸ்ஸைக் கூப்பிட்டது. லோடுக்கு 125 டாலர்! மீதி 2,875 டாலர் நடுவில் நின்றுவிட்டது. 1971 பிப்ரவரியிலிருந்து அக்டோபருக்குள் ஆறு லோடு, சுமார் 18,500 கேலன் கசடு பிளிஸ்ஸின் லாரியில் ஏறியது. அவர் அதைக் கொண்டுபோய்த் தன் டாங்கில், பழைய என்ஜின் ஆயிலோடு ஊற்றினார். இப்படியாக சோப்புக் கம்பெனியின் கசடு, சாலைக்குத் தெளிக்கும் எண்ணெயாக அவதாரம் எடுத்தது!

முதல் அடி விழுந்தது குதிரைகளுக்கு. 1971 மே மாதம், ஷெனன்டோவா என்கிற குதிரை லாயத்தில் சவாரி பழகும் கூடத்துக்குள் புழுதி தாங்கவில்லை என்று பிளிஸ்ஸைக் கூப்பிட்டார்கள். வந்தார், தெளித்தார், போனார். சில நாட்களில் கூரை உத்தரத்தில் இருந்த குருவிகள் பொத் பொத்தென்று செத்து விழ ஆரம்பித்தன. பிறகு பூனைகள், நாய்கள். குதிரைகளுக்கு முடி கொட்டியது, உடம்பெல்லாம் புண். ஒவ்வொன்றாகச் சரிந்தன. கடைசிக் கணக்கு 62 குதிரைகள். லாயத்தின் சொந்தக்காரி ஜூடி பியட்டின் சின்னப் பெண்ணுக்குச் சிறுநீர்ப்பையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு ஆஸ்பத்திரியில் சேர்க்கும்படி ஆயிற்று.

ஜூடி பியட் பிளிஸ்ஸைக் கேட்டார். வெறும் பழைய ஆயில்தான் என்று பதில் வந்தது. அவர் நம்பவில்லை. அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் இந்தக் கதையிலேயே அசாத்தியமான காரியம். தன் கூட்டாளியோடு சேர்ந்து, ஒரு வருடத்துக்கு மேல் பிளிஸ்ஸின் லாரிகளைப் பின்தொடர்ந்தார்! எங்கே ஏற்றுகிறார்கள், எங்கே கொட்டுகிறார்கள் என்று ஊர் ஊராகக் குறித்துக்கொண்டார். 1972 கடைசியில் அந்தப் பட்டியலை மாநில அரசுக்கும் மத்திய அரசுக்கும் அனுப்பி வைத்தார். கட்டணம் வாங்காத துப்பறியும் நிபுணர்!

அரசாங்கம் என்ன செய்தது? ஆராய்ந்தது. நிதானமாக ஆராய்ந்தது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் லாயத்து மண்ணை எடுத்துப் போய்ச் சோதனை செய்து, அதில் இருப்பது டயாக்ஸின் என்று கண்டுபிடித்தபோது வருடம் 1974. மண்ணில் பத்து லட்சத்தில் 30 பங்குக்கு மேல் இருந்தது. பிற்பாடு, குடியிருப்புப் பகுதியில் நூறு கோடியில் ஒரு பங்கைத் தாண்டினாலே கவலைப்பட வேண்டும் என்று அதே மையம் வரையறுத்தது. ஒப்பிட்டுப் பாருங்கள்... 30,000 மடங்கு!

சரி, கண்டுபிடித்தாயிற்று. உடனே ஓடியிருக்க வேண்டாமா? அங்கேதான் ஒரு தப்புக் கணக்கு புகுந்தது. மண்ணில் டயாக்ஸின் ஒரே வருடத்தில் பாதியாகக் குறைந்துவிடும் என்று அப்போது ஓர் அறிக்கை இருந்தது. அப்படியென்றால் தானாகவே போய்விடும், விடுங்கள் என்று இருந்துவிட்டார்கள். உண்மை நேர் எதிர். டயாக்ஸின் தண்ணீரில் கரையாது. எண்ணெயோடும் மண்ணோடும் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். ஆழத்தில் கிடந்தால் பல்லாண்டுகள் அப்படியே இருக்கும். மண்ணை நன்றாகப் பிடித்துக்கொள்ளும் எண்ணெய் வேண்டும் என்றுதானே கேட்டார்கள்? அது நச்சையும் நன்றாகவே பிடித்துக்கொண்டது.

இனி, டைம்ஸ் பீச். பெயரில்தான் பீச்; கடல் கிடையாது. செயின்ட் லூயிஸ் நகருக்குப் பக்கத்தில் மெராமெக் நதிக்கரையில் இருந்த ஊர். 1925-ல் ஒரு பத்திரிகை தன் விற்பனையைப் பெருக்க, சந்தா கட்டுகிறவர்களுக்கு மலிவு விலையில் மனை கொடுத்தது. 67 டாலர் 50 சென்ட் கொடுத்தால் ஒரு மனை, ஆறு மாதம் பேப்பர்! அப்படி உருவான ஊர் மெல்ல வளர்ந்து, 1980 வாக்கில் 2,000 பேர் வசிக்கும் இடமாகியிருந்தது. நடுத்தரக் குடும்பங்கள், உழைப்பாளிகள். ஊருக்குள் 23 மைல் மண் ரோடு. தார் போட நகரசபையிடம் காசில்லை. பிளிஸ்ஸைக் கூப்பிட்டார்கள். 1972-லிருந்து 1976 வரை தெளித்தார். ரேட், கேலன் ஆறு சென்ட். கேலன் கணக்கில் வந்தது காலன் என்பது யாருக்கும் தெரியாது. லாரி வந்தால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். பின்னாலேயே சைக்கிளில் போய் எண்ணெய் ரோட்டில் வழுக்கி விளையாடுவார்கள்.

1982 நவம்பரில்தான் ஊருக்கே விஷயம் தெரிந்தது. அதுவும் ஒரு நிருபர் மூலமாக! நச்சு தெளிக்கப்பட்டிருக்கலாம் என்று அரசு சந்தேகித்த இடங்களின் பட்டியலில் டைம்ஸ் பீச்சும் இருந்தது. சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆட்கள் உடம்பு முழுக்க வெள்ளைக் கவசம் அணிந்து வந்து மண் எடுத்தார்கள். டிசம்பர் 3-ம் தேதி அந்த வேலை முடிந்தது. 5-ம் தேதி மெராமெக்கில் வெள்ளம்! அந்த ஊர் அதுவரை கண்டிராத வெள்ளம். ஜனங்கள் வீட்டை விட்டு ஓடினார்கள். தண்ணீர் வடிந்து, சேற்றை வாரிக் கொட்டிக்கொண்டிருந்தபோது, கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால் அறிவிப்பு வந்தது. ஊருக்குள் இருப்பவர்கள் வெளியேறுவது நல்லது. வெளியே போனவர்கள் திரும்பி வர வேண்டாம்.

1983 பிப்ரவரியில் அரசாங்கம் ஊரையே விலைக்கு வாங்குவதாக அறிவித்தது. 800 வீடுகள், 30 கடைகள். மாநில அரசின் பங்கும் சேர்த்து மூன்றரைக் கோடி டாலருக்கு மேல். 1985-ல் டைம்ஸ் பீச் சட்டப்படியும் ஊர் என்ற அந்தஸ்தை இழந்தது. வெளியேறியவர்களுக்குப் போன இடத்திலும் நிம்மதி இல்லை. தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்பது மாதிரி அவர்களைப் பார்த்து ஒதுங்கியவர்கள் உண்டு. 1996 மார்ச்சிலிருந்து 1997 ஜூன் வரை, டைம்ஸ் பீச்சிலேயே கட்டிய பெரிய உலையில், அந்த ஊர் மண்ணையும் பிளிஸ்ஸின் லாரி தொட்ட இன்னும் 27 இடங்களின் மண்ணையும் போட்டு எரித்தார்கள். மொத்தம் இரண்டரை லட்சம் டன்னுக்கு மேல். செலவு சுமார் 11 கோடி டாலர். கசடை ஏற்றிச் செல்ல பிளிஸ்ஸுக்குக் கிடைத்த மொத்தக் கூலி எவ்வளவு? ஆறு லோடுக்கு 750 டாலர்!

இதில் இன்னொரு திருப்பமும் உண்டு. ஊரைக் காலி செய்யச் சிபாரிசு செய்த நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அதிகாரி வெர்னான் ஹூக், 1991-ல், இப்போது தெரிந்திருப்பவை அன்று தெரிந்திருந்தால் அந்த முடிவை எடுத்திருக்க மாட்டேன் என்கிற அர்த்தத்தில் பேசினார். வீட்டை இழந்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! ஆனால், 1997-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு, டயாக்ஸின் வகைகளிலேயே கொடியதான அதே நச்சை, மனிதர்களுக்குப் புற்றுநோய் தரும் பொருள் என்று உறுதியாக வகைப்படுத்தியது. விஞ்ஞானம் இப்படி முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்தபோது, நடுவில் நின்றவர்கள் 2,000 பேர். பிளிஸ் கடைசிவரை ஒரே பதிலைத்தான் சொன்னார்: அதில் டயாக்ஸின் இருந்தது எனக்குத் தெரியாது.

அதையும் நம்பிவிடலாம். தன் சொந்தக் குதிரைக் கூடத்திலும் அவர் எண்ணெய் தெளித்தவர்தான். ஆனால், தெரியாது என்பதுதானே இங்கே குற்றமே? கம்பெனி, கசடு எங்கே போகிறது என்று கேட்கவில்லை. இடைத்தரகர், அது என்ன கசடு என்று கேட்கவில்லை. பிளிஸ், இதைக் கலக்கலாமா என்று கேட்கவில்லை. நகரசபை, ஆறு சென்ட்டுக்கு எப்படிக் கட்டுப்படியாகிறது என்று கேட்கவில்லை. கேட்டவர் ஒருவர்தான், குதிரைகளைப் பறிகொடுத்த ஜூடி பியட். அவருக்குப் பதில் சொல்லத்தான் ஆள் இல்லை.

1984-ல் அமெரிக்கா சட்டத்தைத் திருத்தி, நச்சுக் கழிவு கலந்த எண்ணெயைச் சாலையில் தெளிக்கத் தடை போட்டது. 1992-ல் பழைய எண்ணெயைப் புழுதிக்குத் தெளிக்கும் பழக்கத்தையே நாடு முழுக்கப் பொதுவாகத் தடைசெய்தது. அதற்காகப் புழுதி நின்றுவிடுமா? வேறு திரவங்கள் முன்னுக்கு வந்தன. கால்சியம் குளோரைடு, மெக்னீஷியம் குளோரைடு போன்ற உப்புக் கரைசல்கள், காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து மண்ணை நனைத்தபடி வைத்திருக்கின்றன. லிக்னின் என்பது மரத்துக்குள் இருக்கும் இயற்கைப் பசை. காகித ஆலைகளில் மிஞ்சுவதைச் சாலைக்குத் தெளிக்கிறார்கள். பாலிமர் குழம்புகள், நம் சுவருக்கு அடிக்கிற எமல்ஷன் பெயின்ட்டுக்கு உறவு. காய்ந்ததும் மண் துகள்களை வலை மாதிரி கோத்துவிடும். பாலைவனத்தில் ஹெலிகாப்டர் இறங்கும்போது விமானியின் கண்ணை மறைக்கும் புழுதியை அடக்க, அமெரிக்க ராணுவம் இவற்றைப் பயன்படுத்தியிருக்கிறது. மேலே தெளித்தால் புழுதி அடங்கும். மேல்மண்ணைக் கிளறி, சரியான ஈரப்பதத்தில் கலந்து, ரோலர் ஓட்டினால் சாலையின் அடித்தளமே பலமாகும்.

எல்லாமே நல்ல கண்டுபிடிப்புகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு குறையும் உண்டு. உப்புக் கரைசல் அதிகமானால் ஓர மரங்கள் கருகும், வண்டி துருப்பிடிக்கும். லிக்னினைப் பெருமழை கரைத்துக்கொண்டு போய்விடும். பாலிமர் தோல் கிழிந்தால் மறுபடி தெளிக்க வேண்டும். அதனால்தான் இன்றைக்கு விவரமான ஊர்களில், பீப்பாய் வந்து இறங்கியதும் விலையைக் கேட்பதற்கு முன்னால், உள்ளே என்ன இருக்கிறது என்ற பரிசோதனைச் சான்றிதழைக் கேட்கிறார்கள்.

டைம்ஸ் பீச் இருந்த இடத்தில் 1999-ல் ஒரு பூங்கா திறந்தார்கள். மரங்கள், பறவைகள், நடந்து போகப் பாதைகள். நடுவே புல் முளைத்த நீண்ட மேடு ஒன்று தெரியும். இடித்துத் தள்ளிய வீடுகளும் கடைகளும் அதற்குள்தான் புதைந்திருக்கின்றன.