ஒரு பந்துகூட ஆடாத நாட் அவுட்: சி. டி. ஸ்டட் கதை

இன்னைக்கு எபிசோடை ஒரு மேட்ச்சோட கடைசி அஞ்சு நிமிஷத்துல இருந்து ஆரம்பிக்கலாம்.

1882 ஆகஸ்ட் 29, லண்டன், ஓவல் மைதானம். ஆஸ்திரேலியாவை ஜெயிக்க இங்கிலாந்துக்கு 85 ரன் போதும். ஒரு கட்டத்தில் ஸ்கோர் 2 விக்கெட்டுக்கு 51. டபிள்யூ. ஜி. கிரேஸ் வேற நல்லா ஆடிக்கிட்டு இருக்கார். மேட்ச் முடிஞ்சதுன்னுதான் எல்லாரும் நினைச்சாங்க. ஆனால் ஃப்ரெட் ஸ்பாஃபோர்த் விடவில்லை. அந்த மேட்ச்சில் மட்டும் அவர் எடுத்தது 14 விக்கெட். பார்த்துக்கிட்டு இருக்கும்போதே 75-க்கு 9 விக்கெட் காலி.

கடைசி ஆளாக டெட் பீட் உள்ளே வருகிறார். இன்னும் 10 ரன் வேணும். ஒரு ஷாட்டில் ரெண்டு ரன் கிடைக்குது. அடுத்து பாயில் வீசிய பந்தில் போல்டு. 77 ஆல் அவுட். 7 ரன்னில் தோல்வி.

இந்த நேரம் முழுக்க மறுமுனையில் 21 வயசுப் பையன் ஒருத்தர் நின்னுக்கிட்டு இருந்தார். கேம்பிரிட்ஜ் மாணவர், சி. டி. ஸ்டட். 0 நாட் அவுட். ஒரு பந்தைக்கூட அவர் சந்திக்கவில்லை.

ஏன் அடிக்கப் போனீங்க, ஸ்டட்டுக்கு ஸ்ட்ரைக் கொடுத்திருக்கலாமேன்னு கேட்டதுக்கு, ‘மிஸ்டர் ஸ்டட்டை நம்ப முடியல’ன்னு பீட் சொன்னதாக ஒரு கதை உண்டு. அதுல அந்த ‘மிஸ்டர்’ங்கிற வார்த்தையைக் கொஞ்சம் கவனிங்க. இன்னைக்கு எபிசோடே அதைப் பத்திதான்.

யார் மிஸ்டர், யார் வெறும் பீட்?

அன்றைய இங்கிலாந்து கிரிக்கெட்டில் ரெண்டு சாதி இருந்தது என்றே சொல்லலாம். சம்பளம் வாங்காமல் ஆடுகிறவர் அமெச்சூர், அதாவது ‘ஜென்டில்மேன்’. சம்பளம் வாங்கினால் புரொஃபஷனல். டிரெஸ்ஸிங் ரூம் தனித்தனி. பல மைதானங்களில் உள்ளே நுழையும் வாசல்கூடத் தனி. அமெச்சூர் பெயருக்கு ‘மிஸ்டர்’ உண்டு, மற்றவருக்கு வெறும் குடும்பப் பெயர்தான். கேப்டன் பதவி கிட்டத்தட்ட எப்பவுமே அமெச்சூருக்குத்தான்.

பீட் யார்க்‌ஷயர்காரர், புரொஃபஷனல். ஆரம்பத்தில் கோமாளி வேஷம் போட்டு ஊர் ஊராக ஆடிய ஒரு கிரிக்கெட் குழுவோடு சுற்றியவர். 1882 சீசனில் மட்டும் 214 விக்கெட் எடுத்தவர். ஆட்டம்தான் அவருக்குச் சோறு.

ஸ்டட்? ஈட்டன் பள்ளி, கேம்பிரிட்ஜில் டிரினிட்டி கல்லூரி. ‘பணக்காரப் பையன், சும்மா பொழுதுபோக்குக்கு ஆடினார்’னு நினைச்சிடாதீங்க. 1882-லும் 1883-லும் தொடர்ந்து ரெண்டு சீசன், 1,000 ரன்னும் 100 விக்கெட்டும் சேர்த்து எடுத்தார். ஓவல் மேட்ச் நடந்த அதே கோடையில் ஆஸ்திரேலிய அணிக்கு எதிராக கேம்பிரிட்ஜுக்காக 118, எம்.சி.சி-க்காக 114. கேம்பிரிட்ஜ் அணியில் அவரோட அண்ணன்கள் கைனஸ்டனும் ஜார்ஜும்கூட ஆடினார்கள். 1882, 83, 84 என்று மூணு வருஷம் வரிசையாக கேப்டன் பதவி ஒரே வீட்டுக்குள்ளேயே சுத்தி வந்தது.

அந்தப் பணம் எங்கிருந்து வந்தது?

இங்கேதான் கதை நம்ம பக்கம் திரும்புது. ஸ்டட்டின் அப்பா எட்வர்ட், பீகாரின் திர்ஹுத் பகுதியில் இண்டிகோ, அதாவது அவுரி விளைவித்து நீலச்சாயம் எடுக்கும் தொழில் நடத்திச் சம்பாதித்தவர். அந்தச் சொத்தோடு இங்கிலாந்து திரும்பி, பெரிய மாளிகை, பந்தயக் குதிரைகள் என்று வாழ்ந்தார்.

வட பீகாரில் அவுரி எப்படி விளைந்தது என்பது நமக்குத் தெரிஞ்சதுதான். சொந்த நிலத்தில் நெல் போட வேண்டிய விவசாயியை, கடனையும் குத்தகையையும் காட்டி அவுரி போட வைத்தார்கள். அங்கேயே, சம்பாரணில், 1917-ல் காந்தி போய் நின்றது இதற்காகத்தான். சம்பளம் இல்லாமல் ஒருத்தர் கிரிக்கெட் ஆடணும்னா, அந்தச் செலவை வேறு யாரோ எங்கேயோ கொடுத்துக்கிட்டு இருக்கணும்.

உச்சத்தில் இருக்கும்போதே

ஓவல் தோல்விக்குப் பிறகு ஒரு பத்திரிகை, இங்கிலாந்து கிரிக்கெட் செத்துப்போச்சு, சாம்பல் ஆஸ்திரேலியா போகுதுன்னு கிண்டலாக இரங்கல் செய்தி போட்டது. அந்தச் சாம்பலை மீட்கிறோம்னு ஐவோ பிளை தலைமையில் போன அணியில் ஸ்டட்டும் இருந்தார். இன்னைக்கும் லார்ட்ஸில் இருக்கிற அந்தக் குட்டி ஆஷஸ் குடுவையில் ஒட்டியிருக்கும் பாட்டில் ஸ்டட் சகோதரர்கள் பெயரும் இருக்கு.

இதெல்லாம் முடிஞ்சப்போ அவருக்கு 22 வயசு. அடுத்த பத்து வருஷம் இங்கிலாந்து அணியில் அசைக்க முடியாத இடம் இருந்திருக்கும். ஆனால் கொஞ்ச நாளில் அண்ணன் ஜார்ஜ் சாகக் கிடந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஸ்டட்டுக்கு, இந்தப் புகழ் எல்லாம் எதுக்குன்னு ஒரு கேள்வி எழுந்தது. ஜார்ஜ் பிழைத்துக்கொண்டார். ஸ்டட்டோட கிரிக்கெட் பிழைக்கவில்லை. 1885 பிப்ரவரியில், ‘கேம்பிரிட்ஜ் ஏழு பேர்’ என்று பெயர் வாங்கிய இளைஞர் கூட்டத்தில் ஒருவராக மிஷனரி வேலைக்குச் சீனா கப்பல் ஏறினார். பத்திரிகைகளில் பெரிய பேச்சு. காரணம் சாதாரணம்: இழக்க நிறைய உள்ளவங்க போறாங்க.

25 வயதில் அப்பா சொத்தில் அவர் பங்கு கைக்கு வந்தது, சுமார் 29,000 பவுண்ட். அந்தக் காலத்தில் அது ஒரு ராஜ வாழ்க்கை. போதகர் மூடிக்கு 5,000, அனாதை இல்லம் நடத்திய ஜார்ஜ் முல்லருக்கு 5,000, இந்தியாவில் வேலை செய்த சால்வேஷன் ஆர்மிக்கு 5,000 என்று பிரித்துக் கொடுத்துவிட்டார். கல்யாணத்துக்கு முன் மிச்சத்தை மணப்பெண் பிரிசில்லா கையில் கொடுத்தார். அவர் அதையும் தானமாகக் கொடுத்துவிட்டார். இந்தியாவில் சம்பாதித்த பணத்தில் ஒரு துண்டு இந்தியாவுக்கே திரும்பியது. அவுரி விளைத்தவர்கள் கணக்கில் மட்டும் எதுவும் வரவில்லை.

ஊட்டியில் ஆறு வருஷம்

1900-ல் ஸ்டட் குடும்பத்தோடு ஊட்டி வந்தார். அங்கே யூனியன் சர்ச்சில் 1906 வரை போதகர். கோடையில் மெட்ராஸ் அரசாங்கமே மலை ஏறி வரும் ஊர் அது. அதிகாரிகள், எஸ்டேட் முதலாளிகள் எல்லாம் அவர் சபைக்கு வந்தவர்கள். நாலு பெண் பிள்ளைகள், மலைக்காற்று, மரியாதை. அத்தோடு நின்றிருக்கலாம்.

நிற்கவில்லை. ஆஸ்துமாவோடு, ஐம்பது வயசு தாண்டி, பெல்ஜியன் காங்கோ போனார். மனைவி இதய நோயோடு லண்டனில் இருந்துகொண்டே மிஷன் வேலையைக் கவனித்தார். கடைசி வருஷங்களில் ஒரே ஒரு தடவை, 1928-ல், ரெண்டு வாரம் காங்கோ வந்து கணவரைப் பார்த்தார். அடுத்த வருஷம் இறந்தார். உடன் வேலை செய்தவர்களையும் ஸ்டட் தன்னைப் போலவே உழைக்கச் சொல்லிக் கசக்கினார். கடைசியில் அவர் தொடங்கிய மிஷனின் லண்டன் கமிட்டியே அவரை நீக்கப் பார்த்தது. 1931 ஜூலையில் இபாம்பி என்ற ஊரில் இறந்தார்.

மறுமுனை

பீட் என்ன ஆனார்? 1887-ல் லார்டு ஹாக், யார்க்‌ஷயர் அணியில் ஒழுங்கு கொண்டுவரேன்னு அவரை வெளியே அனுப்பினார். ஹாக்கும் ஒரு அமெச்சூர் கேப்டன்தான். ஸ்டட் ஊட்டிக்கு வந்த அதே 1900-ல் பீட் செத்துப்போனார். வயசு 45.

ஸ்டட் விட்டுக்கொடுத்தது நிஜம். அவரோடு ஆடிய ஜென்டில்மேன்களில் அப்படிச் செய்தவர்கள் ரொம்பக் குறைவு. ஆனால் ஸ்டட் கிரிக்கெட்டை விட்டபோது அதுக்குப் பேர் தியாகம். பீட்டிடமிருந்து கிரிக்கெட்டைப் பிடுங்கினபோது அதுக்குப் பேர் ஒழுங்கு நடவடிக்கை. இந்த ‘மிஸ்டர்’ வித்தியாசத்தை இங்கிலாந்து அதிகாரபூர்வமாக ஒழிக்க 1962 முடிவு வரை ஆச்சு.

அடுத்த தடவை ‘காசுக்காக ஆடல, ஆட்டத்து மேல உள்ள காதலுக்காக ஆடினார்’னு யாராவது பெருமையா சொன்னா, ஓவலில் அந்தக் கடைசி ஜோடியை நினைச்சுப் பாருங்க. ஒருத்தருக்கு ஆட்டம் போனாலும் வாழ்க்கை இருந்தது. இன்னொருத்தருக்கு ஆட்டம்தான் வாழ்க்கை.