மஸ்டர் ரோலில் பிறந்த சட்டம்

ஒரு வெள்ளைத்தாள், பத்து ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப். இவை இருந்தால் தமிழக அரசு அலுவலகம் எதிலும் தகவல் கேட்கலாம் என்று நமக்குத் தெரியும். இந்த உரிமை எங்கிருந்து வந்தது? "2005ல் டெல்லியில் போட்ட சட்டம்" என்றுதான் நானும் நினைத்திருந்தேன். கொஞ்சம் படித்துப் பார்த்தால் கதை ராஜஸ்தான் கிராமங்களில் தொடங்குகிறது.

அங்கே 1990ல் அருணா ராய், நிகில் டே, சங்கர் சிங் முதலியோர் 'மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அரசு நிவாரண வேலை செய்த கூலியாட்களுக்குச் சட்டப்படியான கூலி முழுதாகக் கிடைக்கவில்லை. கேட்டால், "பதிவேட்டில் நீ செய்த வேலை அவ்வளவுதான்" என்று பதில். சரி, அந்தப் பதிவேட்டைக் காட்டுங்கள் என்றால், அது ரகசியமாம்! வெள்ளைக்காரர்கள் 1923ல் போட்ட அலுவல் ரகசியச் சட்டம் சுதந்திரத்துக்குப் பிறகும் அப்படியே இருந்தது.

1994 டிசம்பரில் கோட் கிராணா என்ற ஊரில் முதல் மக்கள் விசாரணை நடந்தது. எப்படியோ கைக்குக் கிடைத்த பதிவேடுகளை ஊரார் முன்னால் உரக்கப் படித்தார்கள். இத்தகைய கூட்டங்களில் இறந்தவர்கள் பெயரிலும், வேலைக்கே போகாதவர்கள் பெயரிலும் கூலி எழுதப்பட்டிருந்தது வெளியே வந்தது. திருட்டைக் காட்டிக்கொடுத்தது பட்டியலில் இருந்த பெயர்கள்தான். 1996ல் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா நடந்தது. "நம் பணம், நம் கணக்கு" என்பதே கோஷம்.

1997ல் இதற்கென்று சட்டம் போட்ட முதல் மாநிலம் நம் தமிழ்நாடு. பெருமைதான், ஆனால் அதில் விதிவிலக்குகள் ஏராளம். மத்திய அரசின் 2002ஆம் ஆண்டுச் சட்டமோ அமலுக்கே வரவில்லை. 2005 அக்டோபர் 12 முதல்தான் இன்றைய சட்டம் நடைமுறைக்கு வந்தது. 30 நாளில் பதில், உயிரோ சுதந்திரமோ சம்பந்தப்பட்டால் 48 மணி நேரத்தில்.

எல்லைகளும் கூடவே வந்தன. நாட்டின் பாதுகாப்பு போன்ற விலக்குகள் நியாயமானவை. ஆனால் 2008ல் தமிழக அரசு லஞ்ச ஒழிப்புத் துறைக்கும், 2011ல் மத்திய அரசு சிபிஐக்கும் விலக்கு கொடுத்தன. ஊழல் புகார் பற்றிய தகவலுக்கு இந்த விலக்கு பொருந்தாது என்று சட்டத்திலேயே இருந்தாலும், அதை நிலைநாட்ட மேல்முறையீடு வரை அலைய வேண்டியிருக்கிறது. 2013ல் ஆறு தேசியக் கட்சிகளும் இந்தச் சட்டத்துக்குள் வரும் என்றது மத்திய தகவல் ஆணையம். கட்சிகள் அதற்குக் கட்டுப்படவில்லை.

எனக்குப் பெரிதாகப் படுவது 2023ல் நடந்தது. தனிநபர் விவரமாக இருந்தாலும் பொதுநலன் பெரிதென்றால் கொடுக்கலாம் என்று 8(1)(ஜே) பிரிவில் இருந்தது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்த வரியை எடுத்துவிட்டது. பொதுநலனுக்காகக் கேட்க 8(2) பிரிவு இன்னும் இருக்கிறது. ஆனால் "தனிநபர் விவரம்" என்று ஒரே வரியில் மறுப்பது அதிகாரிக்குச் சுலபமாகிவிட்டது.

அந்தரங்கம் முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் மஸ்டர் ரோலில் பெயர்களை மறைத்துவிட்டு மிச்சத்தைக் கொடுத்திருந்தால், இறந்தவர்கள் கூலி வாங்கியது கோட் கிராணா மக்களுக்கு எப்படித் தெரிந்திருக்கும்? நீங்களே சொல்லுங்கள்.