ஸ்ட்ரெதம் வீடுகளில் வெடிப்பு: வாங்குமுன் அத்திவாரத்தைப் பார்ப்பது எப்படி?

தென் இலண்டனில் வீடு தேடும் எம்மவர்கள் டூட்டிங், மிச்சம், நோபரி என்று சுற்றி ஸ்ட்ரெதமுக்கும் வருகிறார்கள். இங்கு விற்பனைக்கு வருபவற்றில் பல, முதலாம் உலகப் போருக்கு முன்னர் கட்டப்பட்ட செங்கல் வீடுகள். உயரமான கூரை, முன்பக்கம் தள்ளி நிற்கும் பே யன்னல், பின்னால் ஒரு சிறிய தோட்டம். பார்த்தவுடன் பிடித்துவிடும். பல வருடச் சேமிப்பும், சீட்டுக் காசும், சகோதரங்களிடம் மாறிய காசும் சேர்ந்துதான் முற்பணமாகிறது. ஆகவே வீட்டைப் பிடித்த பிறகு, அது எந்த மண்ணில் நிற்கிறது என்றும் கொஞ்சம் பார்க்கவேண்டும்.

யாழ்ப்பாணத்தில் பல இடங்களில் சிவந்த மண்ணைக் கொஞ்சம் தோண்டினாலே சுண்ணக்கல் தட்டுப்படும். ஸ்ட்ரெதமின் அடியில் பெரும்பாலும் இருப்பது இலண்டன் களி எனப்படும் களிமண். ஏறத்தாழ ஐந்து கோடி வருடங்களுக்கு முன் கடலடியில் படிந்தது. நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். வற்றிய குளம் பாளம் பாளமாக வெடித்துக் கிடப்பதை வன்னியில் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பழைய வீடுகளின் அத்திவாரம் பல இடங்களில் அரை மீற்றர்கூட இல்லை. களி சுருங்கும்போது அத்திவாரத்தின் ஒரு பகுதி கீழே இறங்குகிறது, மேலே சுவர் வெடிக்கிறது. வீட்டுக் காப்புறுதியில் நிலம் இறங்குவதற்கான பாதுகாப்பு 1971 இல்தான் சேர்க்கப்பட்டது. ஐந்து வருடத்தில், 1976 இன் கடும் வறட்சியில், இழப்பீட்டுக் கோரிக்கைகள் குவிந்தன. 2003, 2018, 2022 கோடைகளுக்குப் பின்னரும் இதே கதைதான்.

வெடிப்பு இல்லாத பழைய வீடு கிடையாது. பூச்சில் ஓடும் மயிரிழை வெடிப்பைக் கண்டு பயந்தால் இலண்டனில் வீடே வாங்க முடியாது. கவனிக்கவேண்டியது அதன் வடிவத்தை. யன்னல் மூலையிலிருந்தோ கதவு மூலையிலிருந்தோ சரிவாக, செங்கல் இடுக்குகளில் படிக்கட்டுப் போல ஏறுகிறதா? ஒரு முனை அகன்று மறுமுனை ஒடுங்குகிறதா? வீட்டுக்குள் தெரியும் வெடிப்பு வெளிச்சுவரில் அதே இடத்திலும் தெரிகிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் அத்திவாரத்தைச் சந்தேகிக்கலாம். அகலத்தை அளக்க ஒரு பவுண் நாணயம் போதும். அதன் தடிப்பு 2.8 மில்லிமீற்றர். அந்த நாணயம் நுழையும் வெடிப்பை நிபுணர் ஒருவர் பார்க்கவேண்டும். 5 மில்லிமீற்றரைத் தாண்டினால், பூசி மறைக்கும் வேலையோடு அது முடியாது.

பே யன்னலைத் தனியாகப் பாருங்கள். அதன் அத்திவாரம் வீட்டினுடையதைவிட ஆழம் குறைவாக இருக்கலாம். அதனால் பிரதான சுவரோடு சேரும் இடத்தில் மேலிருந்து கீழாகப் பிளக்கும். பின்பக்கம் பிற்காலத்தில் ஒட்டிக் கட்டிய குசினியும் அப்படித்தான். கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து மூடுங்கள். தரையில் ஒரு போளையை வையுங்கள். உருண்டால் உடனே முடிவெடுக்க வேண்டாம், நூறு வருட மரத்தளம் கொஞ்சம் சரிந்துதான் இருக்கும். உருளும் திசையும் சுவர் வெடிப்பும் ஒரே மூலையைக் காட்டினால்தான் யோசிக்கவேண்டும். ஓரறையில் மட்டும் புதுப் பெயின்ற் அடித்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். இன்னொன்று: குளிர்காலத்தில் களி ஊறி, வெடிப்புகள் ஓரளவு மூடிக்கொள்ளும். பெப்ரவரியில் பார்த்த சுவர் செப்டெம்பரில் வேறு மாதிரி இருக்கலாம்.

பிறகு வெளியே வந்து மரங்களைப் பாருங்கள். ஓக், வில்லோ, பொப்லர், தெருவோரப் பிளேன் மரங்கள் களியிலிருந்து நிறைய நீரை உறிஞ்சும். அயலவரின் மரமும் உங்கள் சுவரை அசைக்கும். வாங்கியதும் வெட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள். பாதுகாப்பு ஆணை உள்ள மரத்துக்கு மாநகரசபையின் அனுமதி வேண்டும். மரபுப் பாதுகாப்புப் பகுதியில் என்றால் ஆறு வாரம் முன்னறிவித்தல் கொடுக்கவேண்டும். அதோடு பெரிய மரத்தை அகற்றினால் களி மறுபடி உப்பி வீட்டை மேலே தள்ளுவதும் உண்டு. உடைந்த கழிவுநீர்க் குழாய் மண்ணை அரித்துச் செல்வது இன்னொரு காரணம். கமரா விட்டு அதைப் பார்க்க முடியும்.

எம்மவர்களிடம் அடிக்கடி கேட்கும் ஒரு வசனம், "பாங்க் ஆள் வந்து பார்த்திட்டார் தானே." அவர் பார்த்தது பாங்கின் காசு பாதுகாப்பா என்பதை. சில வேளை வீட்டுக்கே வராமல் மேசையிலிருந்து மதிப்பிடுவதும் உண்டு. நூறு வருட வீட்டுக்கு, ஆர்.ஐ.சி.எஸ். அங்கீகாரம் பெற்ற சேர்வேயரிடம் மூன்றாம் நிலை அறிக்கை கேளுங்கள். இரண்டாம் நிலை மலிவு, ஆனால் பழைய, மாற்றிக் கட்டிய வீட்டுக்குப் போதாது. சேர்வேயரும் கம்பளத்தைக் கிளப்பமாட்டார், நிலத்தைத் தோண்டமாட்டார். அவர் அசைவு என்று எழுதினால், அது பழையதா இப்போதும் நடக்கிறதா என்பதைக் கட்டமைப்புப் பொறியியலாளர்தான் சொல்லவேண்டும். பழையதாகி நின்றுபோன அசைவோடு எத்தனையோ ஸ்ட்ரெதம் வீடுகள் நன்றாகவே நிற்கின்றன.

முன்பு அத்திவாரத்துக்குக் கீழே கொங்கிறீற் போட்டுப் பலப்படுத்திய வீடு என்றாலும் ஓடவேண்டியதில்லை. வேலை முடிந்ததற்கான சான்றிதழ்களைச் சட்டத்தரணி மூலம் கேளுங்கள். விற்பவர் நிரப்பும் தகவல் படிவத்தில் முந்தைய காப்புறுதிக் கோரிக்கைகள் பற்றிய கேள்வி இருக்கிறது, அந்தப் பதிலை நீங்களே வாசியுங்கள். விற்பவரின் காப்புறுதி நிறுவனம் உங்களுக்கும் தொடர்ந்து காப்புறுதி தருமா என்று எழுத்தில் பெறுங்கள், ஏனென்றால் வேறு நிறுவனங்கள் மறுக்கலாம், அல்லது கட்டணத்தைக் கூட்டலாம். இவையெல்லாம் ஒப்பந்தம் பரிமாறப்படுவதற்கு முன் நடக்கவேண்டும். அதற்குப் பின் விலகினால் வழமையாக விலையின் 10 வீதமான முற்பணம் போய்விடும்.