நிக்கொலாய் பிரோகோவ்

நிக்கொலாய் இவானவிச் பிரோகோவ் (1810–1881) ரஷ்ய அறுவை மருத்துவர். போர்க்கள மருத்துவத்தை ஓர் ஒழுங்குக்குள் கொண்டுவந்த முன்னோடி. மாஸ்கோவில் பிறந்து, 14 வயதிலேயே அந்நகரப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்கச் சேர்ந்தார். 1836இல் தோர்ப்பாத் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். அவ்வூர் இன்று எஸ்தோனியாவிலுள்ள தார்த்து. தம் கைப்பிழைகளையும் தவறான கணிப்புகளையும் மறைக்காமல் அங்கே ஆண்டறிக்கைகளாக அச்சிட்டார். தோல்வியை மூடிமறைப்பதே வழக்கமாயிருந்த அக்காலத்தில் இது அரிய துணிச்சல்.

1841இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் மருத்துவ அறுவையியல் கழகத்துக்கு வந்தார். பிணங்களை உறையவைத்து, மூன்று திசைகளில் மெல்லிய தகடுகளாக அறுத்து, உறுப்புகள் இருந்த இடத்திலேயே இருக்கும்படி வரைந்தார். அந்தப் படத்தொகுப்பு 1850களில் இலத்தீன் விளக்கத்தோடு வெளிவந்தது. இன்றைய சி.டி. ஸ்கேன் காட்டும் குறுக்குவெட்டுக் காட்சியை அவர் ரம்பத்தால் கண்டார் எனலாம்.

பாஸ்டனில் ஈதர் மயக்கம் மக்கள் முன் செய்துகாட்டப்பட்டது 1846 அக்டோபரில். மறு ஆண்டே பிரோகோவ் அதைக் காக்கசஸ் போர்முனைக்குக் கொண்டுசென்று, சால்த்தா முற்றுகையில் காயமுற்றவர்களுக்குக் கொடுத்தார்.

ஆயினும் அவருடைய தலையாய பணி கிரிமியப் போரில்தான் நடந்தது. 1854 இறுதியில் செவஸ்தபோல் சென்றபோது, காயமுற்றோர் வகைதொகையின்றிக் குவிக்கப்பட்டிருந்தனர். அவர்கள் வந்த வரிசையிலேயே மருத்துவர்கள் சிகிச்சை செய்ததால், காத்திருக்கக்கூடியவர் முந்திக்கொள்ள, உடனே அறுவை வேண்டியவர் இறந்துபோனார். பிரோகோவ் முதலில் ஆட்களைத் தரம் பிரித்தார்: பிழைக்க வழியில்லாதவர், உடனடி அறுவை தேவைப்படுபவர், வேறிடத்துக்கு அனுப்பத்தக்கவர், சிறுகாயக்காரர். உயிர்களைக் காப்பதில் கத்தியைவிட நிர்வாகமே பெரிது என்பது அவர் கண்ட முடிவு. எலும்பு முறிந்த கை கால்களை வெட்டியெறியாமல் மாவுக்கட்டுப் போட்டுக் காக்க முயன்றார். சிற்பி ஒருவரின் பட்டறையில் ஜிப்சம் கரைசல் துணியில் இறுகுவதைப் பார்த்ததிலிருந்து இந்த யோசனை பிறந்தது. ஏறத்தாழ அதே ஆண்டுகளில் ஹாலந்து மருத்துவர் மத்தெய்சனும் இம்முறையைக் கண்டுபிடித்திருந்தார். பெருமை இருவருக்கும் உரியது.

எலெனா பாவ்லவ்னா இளவரசி நிறுவிய செவிலியர் குழுவைப் போர்முனையில் வழிநடத்தியவரும் பிரோகோவே. பெண்கள் அங்கே வருவதைப் படையதிகாரிகள் பலர் எதிர்த்தார்கள். அவரோ செவிலியர் பக்கம் உறுதியாக நின்றார். பாதத்தை அகற்றும்போது குதிகால் எலும்பின் ஒரு பகுதியைக் காலோடு பொருத்தி, நோயாளி ஊன்றி நடக்க உதவும் அறுவை முறை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

பின்னாளில் ஒதேசா, கீவ் வட்டாரங்களின் கல்வி அதிகாரியாகவும் பணியாற்றினார். மேல்வாயில் புற்றுநோய் கண்டு, 1881இல் வின்னித்சா அருகே தம் பண்ணையில் காலமானார். பதம்செய்யப்பட்ட அவரது உடல், இன்றைய உக்ரைனிலுள்ள அவ்விடத்தில் பேணப்பட்டுவருகிறது.