அரைச் சுற்றும் அரை விட்டமும்

கரியாஹாட்டில் எங்கள் அண்டை வீட்டுச் சிறுவன் எட்டாம் வகுப்பில் பயில்கிறான். வட்டத்தின் பரப்பு யாது என்று வினவினால், ஆரத்தின் வர்க்கத்தைப் ‘பை’யால் பெருக்க வேண்டும் என்று நொடியில் விடை கூறுவான். ஏன் அவ்வாறு பெருக்க வேண்டும் என்று ஒருநாள் கேட்டேன். விழித்தான். அடுக்களையிலிருந்த அவன் தாயார், “சுற்றளவில் பாதியையும் விட்டத்தில் பாதியையும் பெருக்கச் சொல்லி எங்கள் தாத்தா ஏதோ பாட்டுச் சொல்லுவார். அதெல்லாம் இவன் படிப்புக்கு உதவுமா?” என்றார்.

உதவும். அந்தப் பாட்டு காரிநாயனார் இயற்றிய கணக்கதிகாரத்தைச் சார்ந்தது. நிலமும் நெல்லும் பொன்னும் அளந்த கணக்கர்களின் கைந்நூல் அது. தஞ்சைச் சரசுவதி மகால் நூலகம் 1998இல் அதனை ஒரு தொகுப்பு நூலாக வெளியிட்டது. பரப்பைக் ‘குழி’ என்பது அதன் வழக்கு. வங்கத்துப் பழைய பாடசாலைகளிலும் சுபங்கரர் பெயரால் இத்தகைய கணக்குச் செய்யுட்களை மனப்பாடம் செய்வித்தனர். ஆகவே இது நமக்கு மட்டும் உரிய வழக்கமன்று.

சுற்றளவு காண்பதற்கும் தமிழில் ஒரு செய்யுள் வழங்குகிறது. விட்டத்தை ஏழு கூறாக்கி, அத்தகைய நான்கு கூறுகளை விட்டத்துடன் சேர்த்து, வந்ததை இரட்டிக்க வேண்டும். கரியாஹாட்டுச் சந்தையில் நான் வாங்கிய பித்தளைத் தாம்பாளத்தின் விட்டம் 14 அங்குலம். ஒரு கூறு 2, நான்கு கூறு 8, சேர்த்தால் 22, இரட்டித்தால் சுற்றளவு 44. அதில் பாதி 22, விட்டத்தில் பாதி 7. பெருக்கினால் 154 சதுர அங்குலம். பையின் மதிப்பை 22/7 எனக் கொண்டால் சிறுவனின் வாய்பாடும் இதே விடையைத் தரும். சுற்றளவில் பாதி என்பதே பையையும் ஆரத்தையும் பெருக்கிய தொகைதானே!

கி.பி. 499இல் ஆரியபடரும் இவ்விதியையே வடமொழியில் கூறினார். விட்டம் 20,000 ஆனால் சுற்றளவு ஏறத்தாழ 62,832 என்றும் கணித்தார். அவருடைய நூலைப் பிரபோத் சந்திர சென்குப்தா ஆங்கிலத்தில் பெயர்த்து, 1927இல் கல்கத்தாப் பல்கலைக்கழக இதழில் வெளியிட்டார். மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட எனக்கு அச்செய்தியில் தனி மகிழ்ச்சி உண்டு.

‘பை’ என்னும் குறியீட்டிற்கும் இந்நகருக்கும் ஒரு தொடர்பு உண்டு. அதனை 1706இல் இப்பொருளில் முதன்முதலாக ஆண்டவர் வில்லியம் ஜோன்ஸ் என்னும் வேல்ஸ் நாட்டுக் கணிதர். அதே பெயர் கொண்ட அவர் மைந்தரே 1784இல் இங்கே ஆசியச் சங்கத்தை நிறுவியவர். தெற்குப் பார்க் தெருக் கல்லறைத் தோட்டத்தில் அவருடைய சமாதியை இன்றும் காணலாம்.

விதி இருக்கட்டும், காரணம் யாது? ஏறக்குறைய 1530இல் கேரளத்து ஜ்யேஷ்டதேவர் ‘யுக்திபாஷை’யில் அதனை விளக்கினார். அதுவும் வடமொழிச் செய்யுளில் அன்று. நாட்டு மக்களின் மலையாள உரைநடையில். வட்டத்தை இரு பாதியாக்கி, ஒவ்வொன்றையும் நடுவிலிருந்து கீற்றுக் கீற்றாக அரிந்து, சுற்று விளிம்பை நேராக விரித்தால் சீப்பின் பற்களைப் போல நிற்கும். இரு சீப்புகளையும் ஒன்றினுள் ஒன்று கோத்தால் ஒரு நீள்சதுரம் அமையும். அதன் நீளம் அரைச் சுற்று. அகலம் அரை விட்டம்.

சிறுவனிடம் தாளையும் கத்தரிக்கோலையும் கொடுத்தேன். 16 கீற்றுகளாக நறுக்கிக் கோத்தான். விளிம்பு அலையலையாக இருந்தது. “32 ஆக நறுக்கினால் இன்னும் நேராகும், மாமா” என்றான், நான் சொல்லிக்கொடுக்கவில்லை. பின்னர்த் தாயாரை அழைத்து, அந்தத் தாத்தா பாட்டை மெல்லச் சொல்லும்படி கேட்டான். அவர் நினைவில் இருந்த மட்டும் சொன்னார். அவனுக்குத் தமிழ் எழுதத் தெரியாது. வங்காள எழுத்திலே குறித்துக்கொண்டான்.