மண்டகப்பட்டுக் கல்லின் நிறம்

இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்ததிலிருந்து நம் பக்கத்துப் படங்கள் என் கைப்பேசிக்கு வந்துகொண்டே இருக்கின்றன. ஒருவர் அனுப்பும் ராஜகிரி ஆரஞ்சாக இருக்கிறது, இன்னொருவர் அனுப்புவது ஊதாவாக இருக்கிறது. போன வாரம் ஒரு பழைய மாணவர் மண்டகப்பட்டுக் குகைக்கோயிலின் படத்தை அனுப்பி, "சார், நீங்க ஸ்லைடு போட்டுக் காட்டின கோயில்" என்று எழுதியிருந்தார். உடனே பரணிலிருந்து பழைய தகர டப்பாவை இறக்கினேன். அதில் இருக்கும் கதையை இத்தனை நாள் யாருக்கும் முழுதாகச் சொன்னதில்லை.

இளையவர்களுக்காக முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஸ்டுடியோவில் கழுவித் தருவார்களே, அந்த நெகட்டிவ் வேறு, ஸ்லைடு வேறு. நெகட்டிவில் நிறம் தலைகீழாக இருக்கும். பிரிண்ட் போடுகிறவர் நினைத்தால் கொஞ்சம் சிவப்பைக் கூட்டலாம், நீலத்தைக் குறைக்கலாம். ஸ்லைடில் அந்த இரண்டாவது ஆள் கிடையாது. கேமராவுக்குள் போன பிலிமே நேர்ப்படமாகத் திரும்பி வரும். அதை இரண்டு அங்குல அட்டைச் சட்டத்தில் மாட்டி, புரொஜெக்டரில் போட்டு, சுவரில் பார்க்க வேண்டியதுதான். ஆகவே, எந்த நிறம் வேண்டும் என்பதைப் பிலிம் வாங்கும்போதே முடிவு செய்தாக வேண்டும். ஒவ்வொரு பிலிமுக்கும் ஒரு குணம் உண்டு. வெளிச்சத்தைக் கணிப்பதில் பாதி 'ஸ்டாப்' தவறினாலும் படத்தில் தெரிந்துவிடும்.

ஆசிரியர் பட்டயப் பயிற்சியில் துணைக்கருவி செய்யச் சொல்லிக் கொடுத்தபோது பிடித்த பைத்தியம் இது. சம்பளத்தில் ஸ்லைடு பிலிம் வாங்குவது சாதாரணக் காரியம் இல்லை. ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலை 1967-லிருந்து 'இந்து' என்ற பெயரில் கருப்பு வெள்ளைப் பிலிம் செய்தது. ஸ்லைடுக்கு வெளிநாட்டுச் சரக்கைத்தான் தேட வேண்டியிருந்தது. எழுபதுகளின் கடைசியில் வந்த சில தமிழ்ப் படங்களில் 'ஆர்வோ கலர்' என்று எழுத்து ஓடும், நினைவிருக்கிறதா? அது கிழக்கு ஜெர்மனியின் வோல்ஃபன் ஊர்ச் சரக்கு. ஆர்வோவில் ஸ்லைடு பிலிமும் உண்டு. என் கைக்கு முதலில் கிடைத்தது கோடாக் கம்பெனியின் எக்டாக்ரோம்.

1992 டிசம்பரில் மண்டகப்பட்டுக்கு சைக்கிளில் போனேன். பாடப் புத்தகத்தில் மகேந்திரவர்மன் என்று இரண்டு வரியில் படித்திருப்பீர்கள். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் பிரம்மா, சிவன், விஷ்ணு மூவருக்கும் விசித்திரசித்தன் எடுத்த கோயில் என்று அங்கேயே வடமொழியில் வெட்டியிருக்கிறது. 7-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்துக் காரியம். முகப்பில் இரண்டு தூண், ஓரங்களில் இரண்டு அரைத்தூண், இரு பக்கமும் துவாரபாலகர்கள். உள்ளே மூன்று கருவறை, மூன்றும் காலி. அந்த ராஜாவுக்கு 'சித்திரகாரப்புலி' என்றும் ஒரு பட்டம் உண்டு. ஓவியருக்குள் புலி! நிறத்தைப் பற்றிப் பேசும்போது அவரை நினைக்காமல் எப்படி?

சென்னையில் கழுவி வந்த ஸ்லைடை ஜனவரியில் ஏழாம் வகுப்புக்குக் காட்டினேன். ஜன்னலுக்கெல்லாம் கோணி கட்டி இருட்டாக்கி, கரண்ட் போய்விடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு போட்டேன். சுவரில் துவாரபாலகர் வந்ததும் பிள்ளைகள் கைதட்டினார்கள். அப்போது பின் வரிசையிலிருந்து மண்டகப்பட்டுப் பெண் ஒருத்தி எழுந்து, "சார், எங்க ஊரு கல்லு இப்படி நீலமா இருக்காது. பழுப்பா இருக்கும்" என்றாள். வகுப்பே சிரித்தது. "கண்ணை நல்லா தொடச்சிட்டுப் பாரு, கேமரா பொய் சொல்லுமா?" என்றேன். அவள் உட்கார்ந்துவிட்டாள். அந்த வருடம் முழுக்க அவள் வாயைத் திறந்து ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

எனக்கு விஷயம் புரிய ஒன்றரை வருடம் ஆனது. அந்தக் குகை வடக்குப் பார்த்தது. டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும். முகப்பில் ஒரு கீற்று வெயில்கூட விழாது. அங்கே இருக்கும் வெளிச்சம் முழுக்க நீல வானத்திலிருந்து வருவது. நம் கண் அதைச் சரிசெய்துகொள்ளும், பிலிமுக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. அது நடுப்பகல் வெயிலுக்கென்று அளந்து செய்யப்பட்டது. அதிலும் எக்டாக்ரோம் இயல்பிலேயே கொஞ்சம் நீலத்துப் பக்கம் சாய்ந்த பிலிம். லென்ஸ் முன்னால் லேசான மஞ்சள் கலந்த ஃபில்டர் ஒன்று போட்டிருந்தாலே பாதி சரியாகியிருக்கும். அது என்னிடம் இல்லை, இருக்க வேண்டும் என்றும் தெரியாது.

1994-ல் அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்த அத்தை மகன் ஒரு ரோல் கோடாக்ரோம் 64 கொண்டுவந்தார். இந்தப் பிலிமின் கதையே தனி. 1935-ல் இதைக் கண்டுபிடித்த மேன்ஸ், கொடோவ்ஸ்கி இருவரும் சங்கீதக்காரர்கள். ஒருவர் பியானோ, மற்றவர் வயலின். கோடாக்ரோமுக்குள் நிறமே கிடையாது. அடுக்கடுக்காக மூன்று கருப்பு வெள்ளைப் படலம், அவ்வளவுதான். கழுவும்போதுதான் நிறம் ஏறும். ஒரு தடவை சிவப்பு வெளிச்சம் காட்டி ஒரு படலத்துக்கு, அடுத்து நீல வெளிச்சம் காட்டி இன்னொன்றுக்கு, கடைசியில் ரசாயனத்தாலேயே மூன்றாவதற்கு என்று சாயம் ஏற்ற வேண்டும். சின்ன லேபில் நடக்கிற காரியம் இல்லை. அதனால் எடுத்த ரோலை அத்தை மகன் கையிலேயே கொடுத்தனுப்பி, மாதக்கணக்கில் காத்திருந்தேன்.

இந்த முறை மே மாத நடுப்பகலில் போனேன். நம் ஊர் பூமத்திய ரேகைக்கு வடக்கே 12 டிகிரிச் சொச்சம். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்டு வரை உச்சி வெயில் வடக்கிலிருந்து விழும். அந்த நாட்களில்தான் முகப்பில் சூரியன் படும். தலை கொதித்தது, ஆனால் துவாரபாலகர் மேல் வெயில் இருந்தது. திரும்பி வந்த ஸ்லைடைச் சுவரில் போட்டதும் நான் பேசவில்லை. கல் பழுப்பாக இருந்தது, அந்தப் பெண் சொன்ன அதே பழுப்பு. அதற்குள் அவள் எங்கள் பள்ளியை விட்டுப் போயிருந்தாள்.

நியாயமாகச் சொன்னால் முதல் ஸ்லைடும் பொய் இல்லை. அது அன்றைய நிழலின் நிறத்தைச் சொன்னது, அவள் கல்லின் நிறத்தைச் சொன்னாள். எனக்குத்தான் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

மூன்றாவது ரோல் ஃபூஜியின் வெல்வியா. 1990-ல் வந்த பிலிம். பச்சையையும் சிவப்பையும் தூக்கிக் காட்டும், வயல்வெளி எல்லாம் கிளிப்பச்சையாக வரும் என்றார்கள். குகையோடு சுற்றியுள்ள வயலையும் எடுத்தேன். எக்டாக்ரோம், வெல்வியா எல்லாம் 'ஈ-6' என்ற முறையில் கழுவுபவை. முதல் டெவலப்பர் 38 டிகிரியில் ஆறு நிமிடம், கால் டிகிரி பிசகினாலே நிறம் மாறும். நான் கொடுத்த லேபில் அவசரத்தில் அதைச் சாதாரண நெகட்டிவ் கழுவும் 'சி-41' மருந்தில் போட்டுவிட்டார்கள். ஸ்லைடுக்குப் பதில் நெகட்டிவ் வந்தது. பிரிண்ட் போட்டால் வானம் வெளுத்து, நிழலெல்லாம் பாசி பிடித்த மாதிரிப் பச்சை. இப்போது வேண்டுமென்றே அப்படிக் கழுவி அழகு பார்க்கிறவர்கள் இருக்கிறார்களாம். எனக்கு அன்று வயிறு எரிந்தது.

நிறத்தை நம்பி இந்தியாவைப் படம் எடுத்தவர்களில் பெரியவர் ரகுபீர் சிங். கோடாக்ரோமைப் பிடித்துக்கொண்டே கங்கையையும் தமிழ்நாட்டையும் புத்தகமாக்கினார். அந்தப் பிலிமை 2009-ல் நிறுத்திவிட்டார்கள். கடைசி ரோலை ஸ்டீவ் மெக்கரி எடுத்தார், அந்த 36 படங்களில் சில நம் நாட்டில் எடுத்தவை. அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் இருந்த கடைசி லேபும் 2010 டிசம்பரோடு ரோல் வாங்குவதை நிறுத்தியது. இனி ஒரு கோடாக்ரோம் ரோல் கிடைத்தாலும் அந்த நிறத்தில் கழுவித் தர ஆள் இல்லை. எக்டாக்ரோமும் நின்றுபோய் 2018-ல் திரும்ப வந்தது.

டப்பாவைத் திறந்து பார்த்தேன். இருட்டில் வைத்திருந்தால் கோடாக்ரோம் பல்லாண்டு நிற்கும், புரொஜெக்டர் வெளிச்சத்தில் மட்டும் சீக்கிரம் வெளுக்கும். நான் அதிகம் போட்டுக் காட்டிய துவாரபாலகர் கொஞ்சம் வெளுத்துத்தான் போயிருக்கிறார். மற்றவை அப்படியே இருக்கின்றன.

பேரன் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து தருகிறான். ஆட்டோ கலர் பொத்தானை மட்டும் தொடாதே என்று சொல்லியிருக்கிறேன். நீலம் நீலமாகவே இருக்கட்டும். ஒவ்வொரு சட்டத்திலும் பிலிமின் பெயர், மாதம், நேரம் மூன்றையும் பென்சிலில் எழுதி வைக்கிறேன். அடுத்த வாரம் இரண்டு துவாரபாலகர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இங்கே போடுகிறேன்.

1992-93 ஏழாம் வகுப்புக்காரர்கள் யாராவது அந்த மண்டகப்பட்டுப் பெண்ணோடு தொடர்பில் இருந்தால் அவளிடம் இந்தப் பதிவைக் காட்டுங்கள். அவள் சொன்னது சரி, தப்பு என்னுடையது என்று சார் எழுதியிருக்கிறார் என்று சொல்லுங்கள்.